பெயர்கள் பேசும் கழிமுகம்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

சிலாங்கூர் ஆறு கிழக்கே மலைத்தொடரில் பிறக்கிறது. மேற்கு நோக்கி ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆறும் கடலும் கூடும் இடத்தைத் தமிழில் கழிமுகம் என்பர்; மலாய் மொழியில் அது 'குவாலா' எனப்படும். அந்தக் கழிமுகத்தின் தென்கரையில் அமைந்த ஊரே கோல சிலாங்கூர். ஊரின் பெயரே அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது.

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உள்ளது. வார இறுதிகளில் சுற்றுப்பயணிகள் பலர் இங்கு வருகின்றனர். எதிர்க்கரையிலுள்ள பாசிர் பெனாம்பாங் மீனவக் கிராமத்தில் கடலுணவு உண்கின்றனர். குன்றின் மேல் குரங்குகளுடன் படம் எடுத்துக்கொள்கின்றனர். இரவில் படகேறி மின்மினிகளைக் காண்கின்றனர். பிறகு வீடு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் பார்த்தது ஊரின் ஒரு பகுதிதான். ஏறத்தாழ 250 ஆண்டுகால வரலாறு இவ்வூரின் மண்ணில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

அந்த வரலாற்றைப் படிக்க எளிய வழி ஒன்று உண்டு. இங்குள்ள பெயர்களைப் பின்தொடர்ந்து செல்வதே அவ்வழி. ஓர் இடத்திற்கு இப்பெயரை இட்டவர் யார்? ஏன் இட்டார்? சில பெயர்கள் நிலைத்து நிற்க, வேறு சில மறைந்து போனது ஏன்? இக்கேள்விகளோடு ஊரைச் சுற்றி வருபவருக்குக் கோல சிலாங்கூர் வேறோர் ஊராகத் தெரியும்.

குன்றின் மேல் ஒரு கோட்டை

ஊரின் நடுவே மரங்கள் அடர்ந்த சிறு குன்று ஒன்று உயர்ந்து நிற்கிறது. அதன் பெயர் புக்கிட் மெலாவத்தி. 'புக்கிட்' என்பது குன்றைக் குறிக்கும் மலாய்ச் சொல். சுற்றிலும் சமவெளியும் சதுப்பு நிலமும் பரந்து கிடப்பதால், இக்குன்றின் உச்சியிலிருந்து ஆற்றையும் கடலையும் ஒருசேரக் காண முடியும். ஆற்றுக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலும் குன்றின் பார்வையில் பட்டே தீரும். ஆகவேதான் அன்றைய ஆட்சியாளர்கள் இங்குக் கோட்டை கட்டினர்.

சிலாங்கூர் சுல்தானகம் 18ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அதன் முதல் சுல்தான் சாலேஹுடின் பூகிஸ் மரபில் வந்தவர். அக்காலத்தில் சிலாங்கூரின் செல்வம் ஈயம். உள்நாட்டில் தோண்டி எடுத்த ஈயம் படகுகளில் ஆற்று வழியே கழிமுகத்திற்கு வந்தது. கழிமுகத்தை ஆள்பவர் கையில் வணிகமும் வரியும் இருந்தன. அதனால் கோல சிலாங்கூர் அரசரின் இருப்பிடமாயிற்று. முதல் மூன்று சுல்தான்களான சாலேஹுடின், இப்ராஹிம், முகமது ஆகியோர் இக்குன்றிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அரச கல்லறையையும் பழைய பீரங்கிகளையும் கோட்டைச் சுவரின் எஞ்சிய பகுதிகளையும் இன்றும் காணலாம்.

குன்றின் மேல் ஒரு பாறையும் ஒரு கிணறும் உள்ளன. துரோகிகள் அப்பாறையில் தண்டிக்கப்பட்டனர் என்றும், கிணற்றில் நஞ்சு கலந்திருந்தது என்றும் கதைகள் வழங்குகின்றன. வழிவழியாகச் சொல்லப்படும் கதையும் ஆவணத்தில் பதிவான செய்தியும் ஒன்றல்ல. கதையைச் சுவைக்கலாம், ஆனால் அதனை வரலாறு என்று எழுதுவதற்குமுன் சான்று தேட வேண்டும். வரலாற்றுத் தலத்திற்குச் செல்பவர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

ஓராண்டு வெற்றியும் நூறாண்டுப் பெயரும்

1641ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், நீரிணையின் ஈய வணிகம் முழுவதையும் தம் பிடிக்குள் கொண்டுவர விரும்பினர். பூகிஸ் தலைவர்களோ அதற்கு இணங்கவில்லை. 1784ஆம் ஆண்டு ரியாவ் பகுதியின் பூகிஸ் தலைவர் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டார். சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் அவருக்குத் துணை நின்றார். அப்போரில் ராஜா ஹாஜி உயிரிழந்தார். முற்றுகையும் முறிந்தது.

டச்சுக்காரர்களின் சினம் அடுத்துச் சிலாங்கூரின் மேல் திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்களின் போர்க் கப்பல்கள் கழிமுகத்திற்கு வந்தன. சுல்தான் இப்ராஹிம் கோட்டையை விட்டு நீங்கிப் பகாங் சென்றார். வென்றவர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று பெயர் சூட்டுவது. புக்கிட் மெலாவத்திக் கோட்டைக்கு 'அல்டிங்ஸ்பர்க்' என்று பெயரிட்டனர். அந்நாளில் பத்தேவியாவில் டச்சு ஆளுநர் தலைவராக இருந்த வில்லெம் அர்னால்ட் அல்டிங் என்பவரின் பெயர் அது. அருகிலிருந்த மற்றொரு குன்றின் கோட்டைக்கு 'உட்ரெக்ட்' என்று பெயர் வைத்தனர்.

சுல்தான் இப்ராஹிம் சோர்ந்துவிடவில்லை. பகாங்கின் பெண்டஹாராவிடம் உதவி பெற்றார். படையோடு காடுமலை கடந்து, தரைவழியாகச் சிலாங்கூருக்குத் திரும்பினார். கடலை நோக்கிக் காவல் இருந்த டச்சுக்காரர்கள், தரைப்பக்கமிருந்து தாக்குதல் வரும் என எதிர்பார்க்கவில்லை. 1785ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவில் தாக்குதல் நடந்தது. டச்சு வீரர்கள் பீரங்கிகளையும் பொருள்களையும் விட்டுவிட்டுக் கப்பல்களுக்கு ஓடினர். கோட்டை மீண்டும் சுல்தான் வசமாயிற்று. அதன் பின்னர் டச்சுக் கப்பல்கள் கழிமுகத்தை மறித்து நின்று வணிகத்தை முடக்கின. 1786ஆம் ஆண்டு இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன.

டச்சுக்காரர்களின் கையில் கோட்டை இருந்தது ஓராண்டிற்கும் குறைவான காலமே. ஆயினும் அவர்கள் இட்ட பெயர் அழியவில்லை. 1907ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சியில், குன்றின் உச்சியில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் ஒன்று எழுந்தது. இன்றும் அதன் பெயர் 'அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம்'. அஃது இன்றுவரை நீரிணையில் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது. ஆள் போய்விட்டார், ஆட்சியும் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. காரணம் எளியது. அப்பெயர் வரைபடத்திலும் ஏட்டிலும் எழுதப்பட்டிருந்தது.

ஆங்கிலேயர் வருகை

19ஆம் நூற்றாண்டிலும் ஈயமே சண்டைக்குக் காரணமாயிற்று. ஈய வரியை யார் பெறுவது என்ற போட்டி முற்றி, 1867 முதல் சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் மூண்டது. ராஜா மஹாடி ஒரு பக்கமும், சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன் தெங்கு கூடின் மறு பக்கமும் நின்றனர். கோல சிலாங்கூர் கோட்டை கை மாறியது. 1871ஆம் ஆண்டு ஜூலை மாதம், கடற்கொள்ளையர்க்கு இங்குப் புகலிடம் கிடைக்கிறது என்று கூறி, 'ரினால்டோ' என்னும் ஆங்கிலேயப் போர்க் கப்பல் ஊரின் மீது குண்டு பொழிந்தது.

1874ஆம் ஆண்டு சிலாங்கூர் ஆங்கிலேய அதிகாரியின் ஆலோசனைக்கு உட்பட்டது. 1880ஆம் ஆண்டு மாநில நிர்வாகத்தின் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. பழைய அரச ஊர் அமைதியான மாவட்ட ஊராயிற்று. ஆனால், அதன் அண்டைப் பகுதிகளில் வேறொரு வரலாறு அப்போதுதான் தொடங்கவிருந்தது.

பிரம்புக் குன்றும் பால்மரக் காடும்

கோல சிலாங்கூரை நோக்கித் தெற்கிலிருந்து வருபவர் புக்கிட் ரோத்தானைக் கடந்து செல்வர். 'ரோத்தான்' என்றால் பிரம்பு. ஆக, புக்கிட் ரோத்தான் என்பது 'பிரம்புக் குன்று' எனப் பொருள்படும். பிரம்புக்கொடி படர்ந்த காடு ஒரு காலத்தில் இங்கு இருந்ததை அப்பெயர் நினைவூட்டுகிறது. இன்று அங்குக் காடில்லை. சாலையின் இரு பக்கமும் செம்பனை மரங்களும் புதிய வீடமைப்புப் பகுதிகளும்தான் தெரிகின்றன. காட்டுக்கும் செம்பனைக்கும் இடையில் இருந்தது பால்மரக் காடு. அதுவே தமிழர்கள் இம்மண்ணில் கால் பதித்த காலம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பி பயிரிடப்பட்டது. காப்பியின் விலை சரிந்ததும் தோட்ட முதலாளிகள் இரப்பருக்கு மாறினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் அடுத்தடுத்துத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. காட்டை அழிக்கவும், வடிகால் வெட்டவும், கன்று நடவும், பால் எடுக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து வந்தன.

தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். வறட்சியாலும் கடனாலும் வாடிய குடும்பங்கள் அவர் சொல்லை நம்பிக் கப்பலேறின. சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. ஈயத்திற்காகக் கோல சிலாங்கூரைத் தாக்கிய அதே டச்சுக்காரர்கள்தாம் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தையும் தம் வசம் வைத்திருந்தனர். வங்கக் கடலின் இரு கரைகளும் அவ்வாறு ஒரே வணிக வலையில் முன்பே பின்னப்பட்டிருந்தன.

தோட்டத்தில் பொழுது விடியும் முன்னரே வேலை தொடங்கும். தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர், பெயர் கூப்பிடப்படும், ஒவ்வொருவருக்கும் நிரை பிரித்துக் கொடுக்கப்படும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும் என்பதால் இருட்டிலேயே விளக்கை ஏந்திச் சென்று மரம் சீவுவர். பட்டையில் மெல்லிய கோடாகக் கத்தியை இழுக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வடியாது. வடிந்த பால் மங்கில் சேரும். பின்னர் அதனை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, தோளில் சுமந்து சென்று பால் கொட்டகையில் நிறுப்பர். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலியும் இல்லை.

லயத்து வீடுகளின் அருகே மாரியம்மன் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன. கோயிலைத் தொழிலாளர்கள் தாமே எழுப்பினர். பள்ளி அமைப்பதைச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஒரு தோட்டத்தில் பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால், அங்குப் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்றும் 'தோட்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. தோட்டம் மறைந்த பின்னரும் சில பள்ளிகள் அப்பெயரை விடாமல் சுமக்கின்றன.

தென்னமரம் என்னும் பெயர்

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் உட்பகுதியில் பெஸ்தாரி ஜெயா என்ற ஊர் உள்ளது. 2007ஆம் ஆண்டு வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தாய். அதன் அருகே உள்ள ஒரு தோட்டம் மலேசியப் பொருளாதார வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. அதன் பெயர் தென்னமரம். தமிழ் தெரிந்த எவருக்கும் இப்பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றின் அருகே நிலம் பெற்று இரப்பர் பயிரிட்டார். மலாய் மொழியையும் தமிழையும் கற்றுக்கொண்டார். சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளை வரவழைத்தார். அதுவரை செம்பனை இந்நாட்டில் அழகுக்காக வளர்க்கப்பட்ட மரமாகவே இருந்தது. 1917ஆம் ஆண்டு தென்னமரம் தோட்டத்தில் அது வணிகப் பயிராக நடப்பட்டது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எனப் பெயர் பெற்றது இதுவே. நாட்டிற்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்த ஒரு தொழில், தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. ஃபொகோனியே பிற்காலத்தில் மலாயா வாழ்க்கையைப் பின்புலமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். அந்நாவல் 1930ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றது.

ஃபொகோனியேயின் பெயரை நூல்களில் காணலாம். நாவலையும் நூலகத்தில் தேடிப் படிக்கலாம். ஆனால், அந்த முதல் செம்பனைக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்கள் யார்? நீர் ஊற்றியவர்கள் யார்? முதல் குலையை வெட்டியவர் யார்? அவர்களின் பெயர்கள் தோட்டத்துச் சம்பள ஏட்டில் ஒரு காலத்தில் இருந்திருக்கும். பாடநூல்களில் அவை இல்லை.

தோட்டம் தந்த சொற்கள்

தொழிலாளர்கள் கல்வெட்டு விட்டுச் செல்லவில்லை. ஆனால் சொற்களை விட்டுச் சென்றுள்ளனர். மலேசியத் தமிழர்கள் வழங்கும் சில சொற்களை உற்றுநோக்கினால் தோட்டத்தின் அமைப்பே கண்முன் விரியும்.

வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளை ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்ற சொல்லால் அழைத்தனர். அது தமிழர் நாவில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் ஆயிற்று. அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் 'பெரட்டு' ஆனது. தோளில் கம்பு வைத்துச் சுமப்பதை மலாய் மொழியில் 'கண்டார்' என்பர். அது 'காண்டா' ஆயிற்று. எழுத்தரைக் குறிக்கும் 'கிராணி' என்ற சொல்லை மலாய் மொழியின் 'கெராணி'யோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுபுறம், 'கங்காணி' தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களோடு கப்பலேறி வந்த சொல். பட்டையில் உறைந்து ஒட்டிக்கொண்ட பாலை 'ஒட்டுப்பால்' என்றனர்; யாரிடமும் கடன் வாங்காமல் அவர்களே உருவாக்கிக்கொண்ட பொருத்தமான சொல் அது.

ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகிய மூன்றும் ஒரு களத்தில் கலந்ததை இச்சொற்கள் காட்டுகின்றன. அதிகாரத்தின் சொற்கள் மேலிருந்து வந்தன; உழைப்பின் சொற்கள் கீழிருந்து எழுந்தன. தோட்ட வாழ்க்கை மறைய மறைய இச்சொற்களும் வழக்கொழிகின்றன. தாத்தா, பாட்டி பேசும்போது மட்டுமே கேட்கக்கூடிய சொல் ஒவ்வொன்றும் ஒரு பழம்பொருளுக்கு நிகரானது.

ஆற்றங்கரையின் விளக்குகள்

கோல சிலாங்கூரில் கலங்கரை விளக்கம் மட்டும் ஒளிவீசுவதில்லை. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கம்போங் குவாந்தான் என்ற சிற்றூர் உள்ளது. இரவு கவிந்ததும் அங்கு ஆற்றங்கரையில் உள்ள பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒளிர்கின்றன. ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒரே தாளத்தில் மின்னுகின்றன. யாரோ ஒருவர் விசையை அழுத்தி அணைத்து ஏற்றுவதுபோல மரமே துடிக்கும். இத்தகைய காட்சி உலகில் சில இடங்களில் மட்டுமே காணக்கூடியது. படகோட்டிகள் துடுப்பு வலித்து ஓசையின்றிச் செல்கின்றனர். பயணிகள் கைவிளக்கையோ கைப்பேசி வெளிச்சத்தையோ பயன்படுத்தக் கூடாது.

இவ்விளக்குகள் அணையும் ஆபத்தும் உண்டு. வளர்ந்த மின்மினி பெரெம்பாங் மரத்தில் வாழ்கிறது. அதன் புழுவோ கரைக்குப் பின்னால் உள்ள ஈர நிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே, மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. பின்னுள்ள நிலத்தையும் காக்க வேண்டும். கரை ஓரம்வரை பயிர் செய்வது, மரங்களை வெட்டுவது, நீர் மாசுபடுவது, இரவில் செயற்கை வெளிச்சம் பெருகுவது ஆகிய அனைத்தும் மின்மினிகளைப் பாதிக்கின்றன. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் அளவு மாறினாலும் பெரெம்பாங் மரம் தளரும். கழிமுகத்தில் தெரியும் ஒளி, மேலே மலையிலிருந்து வரும் நீரையும் நம்பியிருக்கிறது.

குன்றின் அடிவாரத்தில் 1987ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட இயற்கைப் பூங்கா ஒன்றும் உள்ளது. மலேசிய இயற்கைக் கழகம் அதன் வளர்ச்சிக்குப் பாடுபட்டது. சதுப்பு நிலக் காட்டையும் நீர்ப்பறவைகளையும் அங்குக் காணலாம். குளிர்காலத்தில் வடக்கு நாடுகளிலிருந்து பறவைகள் இக்கடலோரத்திற்கு வலசை வருகின்றன. குன்றின் மேல் திரியும் வெள்ளிநிற இலைக்குரங்குகளின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். வளர வளரத் தாயின் சாம்பல் நிறத்தைப் பெறும்.

பலகை இல்லாத வரலாறு

கடலோரக் கோட்டை ஊர்கள் உலகெங்கும் உள்ளன. மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவின் தலைநகரம் வலேட்டா அவற்றுள் ஒன்று. 1565ஆம் ஆண்டு நடந்த பெரும் முற்றுகையைத் தாங்கி நின்ற பின்னர், 1566இல் அந்நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. படைத் தலைவர் ழான் தெ வலெத்தின் பெயரே நகரின் பெயராயிற்று. 1980ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அக்கோட்டைச் சுவர்களை எழுப்ப அடிமைகளும் கல் சுமந்தனர். தலைவரின் பெயரை உலகம் அறியும். கல் சுமந்தவர்களின் பெயர்களை அறிவார் இல்லை.

கோல சிலாங்கூரும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஓராண்டுகூட ஆளாத டச்சுக்காரரின் பெயர் குன்றின் உச்சியில் நிற்கிறது. மூன்று, நான்கு தலைமுறைகளாகச் சுற்றுவட்டாரத்தில் உழைத்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. எழுதப்பட்ட பெயர் நிற்கும்; எழுதப்படாத பெயர் மறையும். இதில் யார் அதிகம் உழைத்தார் என்ற கணக்கிற்கு இடமில்லை.

மறைவு விரைவாகவே நிகழ்ந்து வருகிறது. 1960களிலிருந்து இரப்பர் மரங்கள் படிப்படியாகச் செம்பனைக்கு வழிவிட்டன. செம்பனைக்கு இரப்பர் அளவிற்கு ஆள்பலம் தேவைப்படவில்லை. பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். தமிழ்க் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், கோலாலம்பூர் எனப் பிழைப்புத் தேடிச் சென்றன. பிள்ளைகள் படித்து வேறு தொழில்களில் உயர்ந்தனர், அது பெருமைக்குரியதே. ஆனால், லயங்கள் இடிக்கப்பட்டன. சில கோயில்கள் இடம் மாறின. மாணவர் இல்லாத பள்ளிகள் வேறிடம் சென்றன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இன்று கடைவீடுகள் இருக்கலாம். அங்கு வளரும் பிள்ளைக்கு அதனைச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள்கள் இன்னும் இருக்கின்றனர். எழுபது, எண்பது வயதைக் கடந்த தாத்தாக்களும் பாட்டிகளும் புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் வாழ்கின்றனர். எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், கங்காணியின் பெயர் என்ன, நிரையில் எத்தனை மரங்கள் இருந்தன, திருவிழாவில் எந்தக் கூத்து நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கிறது. "அதையெல்லாம் கேட்டு என்ன ஐயா செய்யப் போகிறாய்?" என்று முதலில் தயங்குவார்கள். பொறுமையாக அருகில் அமர்ந்து, "சொல்லுங்கள் பாட்டி, நான் எழுதிக்கொள்கிறேன்" என்று சொன்னால், ஒரு மணி நேரம் போதாது.

ஒரு குறிப்பேடு, ஒரு பழைய படம், ஒரு சம்பளச் சீட்டு, பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஆகிய ஒவ்வொன்றும் சான்றாகும். கேட்டதை நாளுடன் குறித்துக்கொள்ள வேண்டும். யார் சொன்னார் என்பதையும் அவரின் இசைவு பெற்று எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். குன்றின் மேல் கதையையும் வரலாற்றையும் பிரித்துப் பார்த்த அதே கவனம் இங்கும் தேவை. நம்முடையது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

அடுத்த முறை கோல சிலாங்கூருக்குச் செல்பவர்கள் கலங்கரை விளக்கத்தின் கீழ் நின்று கடலைப் பார்க்கட்டும். ஈயத்திற்காக வந்த கப்பல்கள் அவ்வழியேதான் வந்தன. பிறகு திரும்பி, உள்நாட்டுப் பக்கம் பரந்து கிடக்கும் பசுமையையும் பார்க்கட்டும். அந்தப் பசுமைக்கு அடியில் வடிகால் வெட்டிய கைகளின் வரலாறு இருக்கிறது. அதற்குப் பலகை வைக்கும் பொறுப்பு, அதனைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த இளைய தலைமுறையினரைச் சார்ந்தது.

பயிற்சிகள்

அ. கருத்துணர் கேள்விகளுக்கு விடை எழுதுக.

1. புக்கிட் மெலாவத்தியில் கோட்டை கட்டப்பட்டதற்கான காரணம் யாது?
2. 1785ஆம் ஆண்டுத் தாக்குதலில் சுல்தான் இப்ராஹிம் வெற்றி பெற உதவிய உத்தி யாது?
3. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இடம்பெற்றிருப்பது ஏன்?
4. பெரெம்பாங் மரங்களை மட்டும் காப்பாற்றினால் மின்மினிகளைக் காக்க இயலாது. இக்கூற்றை விளக்குக.
5. 'எழுதப்பட்ட பெயர் நிற்கும். எழுதப்படாத பெயர் மறையும்.' கட்டுரையிலிருந்து இரண்டு சான்றுகள் தந்து இக்கருத்தை நிறுவுக.

ஆ. சிந்தித்து எழுதுக.

பழைய தோட்டம் இருந்த இடத்தில் புதிய வீடமைப்புப் பகுதி உருவாகிறது. அதன் சாலைகளுக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு உமக்குக் கிடைத்தால் எத்தகைய பெயர்களைத் தேர்ந்தெடுப்பீர்? காரணங்களுடன் 80 சொற்களில் எழுதுக.

இ. செயல்திட்டம்

உம் குடும்பத்திலோ வட்டாரத்திலோ தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர் ஒருவரைச் சந்தித்திடுக. தோட்ட வாழ்க்கையில் வழங்கிய பத்துச் சொற்களைக் கேட்டறிந்து, பொருளுடன் பட்டியலிடுக. அவற்றுள் ஒரு சொல்லின் பின்னணியை வகுப்பில் எடுத்துரைத்திடுக.